தொட்டிக்கு வாய் சிறுத்த கதை

பேருந்து நிலையத்தைப் பெருக்குகிற அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். துடைப்பம் ஓய்ந்தாலும் அவள் வாய் ஓயாது. அந்த வாயே அடைத்துப்போனது ஒரு நாள். கூட வேலை பார்க்கும் தங்கை, எச்சில் பொட்டலங்களுக்குள் உடைந்த பாட்டில் கிடப்பது தெரியாமல் குப்பைக்குள் கையை விட்டுவிட்டாள். உள்ளங்கை கிழிந்துவிட்டது. தையல் பிரித்த பிறகும் அவள் வேலைக்கு வரவில்லை.

"குப்பைன்னு நெனச்சாலே கை நடுங்குதுக்கா."

"பாக்காம கையை விடவே வேணாம்டி. அப்படிப் பண்ணிட்டுக் கூப்புடுறேன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். மேற்பார்வையாளரை விடாமல் நச்சரித்து இரண்டு தொட்டிகள் வாங்கிவிட்டாள். ஒன்றில் 'மக்கும்', மற்றதில் 'மக்காத' என்று எழுதி வந்தது. நன்றாக எழுதினார்கள், போங்கள்! பேருந்து கிளம்புகிற அவசரத்தில் எவன் எழுத்துக்கூட்டிப் படிப்பான்? "யாரை மக்குங்கிறீங்க?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இரண்டு தொட்டியிலும் எல்லாம் கலந்தே கிடந்தது.

மேற்பார்வையாளர் கையை விரித்தார். "வெள்ளிக்கிழமை மறுசுழற்சி வண்டி வருது. அப்பவும் கலந்து கெடந்தா தொட்டியத் தூக்கிருவோம்மா. பழையபடி ஒண்ணே ஒண்ணுதான்."

"தூக்குங்க பாக்கலாம்!" என்றாள்.

அன்று முழுக்கக் குப்பை போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் எழுத்தைப் பார்க்கவில்லை. திறந்த வாய் தெரிந்தது, போட்டார்கள், அவ்வளவுதான்.

"அடச்சே, வாய் பெருசு! அதான் இத்தனை வம்பு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதை நீ சொல்றியா?" என்று டீக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நேரே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கொழுந்தனிடம் போனாள். "மக்காத தொட்டிக்கு ஒரு மூடி போடு. பாட்டில் நுழையற அளவுக்கு வட்டமா ஓட்டை. பொட்டலம் போகக் கூடாது."

"அடுத்த வாரம் பண்ணித் தரேன் அண்ணி."

"இன்னிக்கே. நான் இங்கயே நின்னு பேசிக்கிட்டிருப்பேன், பரவால்லையா?"

சாயங்காலமே மூடி தயார். அதன்பிறகு பொட்டலத்தைத் திணித்துப் பார்த்தவர்கள், முணுமுணுத்துக்கொண்டே பக்கத்துத் தொட்டிக்கு நகர்ந்தார்கள். பாட்டில் வைத்திருந்தவர்களை அந்த வட்ட ஓட்டையே இழுத்தது.

வெள்ளிக்கிழமை தங்கையைக் கையோடு இழுத்து வந்தாள். வண்டி நின்றது. மேற்பார்வையாளர் மூடியைத் திறந்தார். உள்ளே வெறும் பாட்டில்கள்தான்; பக்கத்துத் தொட்டியில் ஒரு பாட்டில்கூட இல்லை. தொட்டிக்குள் விரித்திருந்த பாட்டில் பையைத் தூக்க அக்கா குனிந்தாள்.

"இருக்கா" என்று தங்கை முன்னே வந்தாள். உள்ளே நன்றாக எட்டிப் பார்த்தாள். பிறகு தழும்பு விழுந்த அந்தக் கையையே விட்டுப் பையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள். கை நடுங்கத்தான் செய்தது. பையை அவள் விடவில்லை.