திருச்செந்தூர் சாலையில் இருபத்தைந்தும் இருபத்தெட்டும்

அன்று காலை பாளையங்கோட்டையில் என் சைக்கிள் கடை வாசலில் நின்றவர்கள்: ஓட்டப்போகிற ஜெபா டீச்சர், அவர் கணவர் செல்வின், குட்டியானை வேன் ஓட்டும் என் கூட்டாளி இசக்கி, நான். ஆக நாலு பேர். சைக்கிள் கடைக்காரனுக்கு விற்றதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். விற்ற வண்டி போய்ச் சேரும்வரை பின்னாலேயே போக வேண்டியிருக்கும். கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

அகலச் சண்டை

டீச்சர் பந்தயத்துக்குப் பழகுகிறார். போன வருஷம் விழுந்ததில் தோள் எலும்பில் தகடு வைத்திருக்கிறது. இன்னொரு முறை விழுந்தால் சைக்கிளையே மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருச்செந்தூர் வரை வேகம் பார்க்க இருபத்தைந்து மில்லிமீட்டர் டயர் கேட்டார். ஒல்லி டயர் காற்றைக் கிழித்துப் போகும். நான் இருபத்தெட்டு என்றேன். அகல டயர் பள்ளத்தில் குலுக்காது, வளைவில் வழுக்காது. கடைசியில், காற்றை முதலில் வாங்குகிற முன்சக்கரத்துக்கு இருபத்தைந்து, பாரம் தாங்குகிற பின்சக்கரத்துக்கு இருபத்தெட்டு என்று முடிவானது. செல்வின் என் பக்கத்தில் வந்து பையச் சொன்னார்: “அவ பிந்தி வந்தாலும் சரி அண்ணாச்சி, முழுசா வந்தாப் போதும்.”

காற்றைப் பிடுங்கியது

கிளம்பும்முன் முன்டயரை அமுக்கினேன். கல் மாதிரி இருந்தது. காற்று மீட்டரில் முள் நூற்றிருபது பவுண்டைக் காட்டியது. பஞ்சராகிவிடுமோ என்ற பயத்தில் செல்வின்தான் யாருக்கும் தெரியாமல் அடித்திருக்கிறார். அவ்வளவு விறைப்பான டயர் சின்னக் கல்லுக்கும் துள்ளும். தரையை விட்டுவிட்டால் பிரேக் பிடித்து என்ன பயன்? குனிந்து எண்பதுக்கு இறக்கினேன். மூன்று தடவை அளந்து பார்த்தேன். இசக்கி வேனில் சாய்ந்துகொண்டு சொன்னான்: “ஊர்ல எல்லாவனும் காத்தடிச்சுக் குடுப்பான், நீரு ஒருத்தருதாம்வே புடுங்கி விடுதீரு.”

குளக்கரையில்

நாங்கள் மூவரும் வேனில் பின்தொடர்ந்தோம். தென்திருப்பேரை தாண்டிக் குளக்கரைச் சாலை. ஆடிக் காற்று பக்கவாட்டில் அறைந்தது. டீச்சருடைய சக்கர விளிம்பு உள்ளங்கை அகலத்துக்கு உயரமானது. எதிர்க்காற்றில் அது உதவும், பக்கக் காற்றில் படகுப் பாய் மாதிரி இழுக்கும். வாழைத்தார் லாரி ஒன்று அவரை ஒட்டிக் கடந்தது. லாரி மறைத்தவரை காற்று இல்லை. அது விலகியதும் மொத்தக் காற்றும் முன்சக்கரத்தில் விழுந்தது. வண்டி குளத்துப் பக்கம் ஒரு முழம் விலகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். செல்வின் ஜெபிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இசக்கியின் குரல்: “கண்ணத் தொறயும்வே, பிள்ள ஓட்டிக்கிட்டுதான் போவுது.”

புதுத் தார்

குரும்பூர்ப் பக்கம் அன்றுதான் தார் போட்டிருந்தார்கள். இளகின தாரில் பொடி ஜல்லி டயரோடு ஒட்டி ஏறியது. பின்டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே நான் விட்டிருந்தது ஓர் அரிசிமணி நுழையும் இடம்தான். கடைத்தரையில் அது போதுமானதாகத் தெரிந்தது. இப்போது கரகரவென்று உரசியது. ஒரு கல் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும், அவர் தோள் தரையில் இறங்கும். கூப்பிட்டேன், என் குரல் வேனைவிட்டே வெளியே போகவில்லை. இசக்கி ஹாரனை அழுத்தி, முந்திப் போய் மறித்தான்.

டயரின் பக்கச் சுவர் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. விழாமல் இருக்க நான் மாட்டிய டயர்தான் அவரைத் தள்ளப் பார்த்திருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் வேனில் ஏற்றியிருந்த நாலு புது டயரில் ஓர் இருபத்தைந்தை எடுத்து மாட்டினேன். கடற்கரை வண்டி நிறுத்தத்தில் டீச்சர் முழுசாக வந்து இறங்கினார். செல்வின் அவர் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டீச்சர் என்னிடம் சொன்னது: “ரெண்டு ஆம்பளையும் பயந்து பயந்தே என்னைக் கவுத்திருப்பிய!”

காற்றுக்கும் கல்லுக்கும் பார்த்து டயர் மாட்டலாம், மாட்டுகிறவன் பயத்துக்குத் தகுந்த அளவில் இன்னும் டயர் வரவில்லை என்பதால், நான் பயந்து ஏற்றின நாலு டயரில் மூன்று வேனில் மிச்சம்.