மாரா மரத்துக்கு வெள்ளை வளையம்

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்கு வெளியே, தோட்டத்துப் பஸ்கள் நிற்கும் பக்கம் ஒரு மாரா மரம் இருக்கிறது. அதன் அடியில்தான் என் வடை வண்டி. வண்டிக்குக் கூரை கிடையாது, மரம்தான் கூரை. அது போனால் வடையோடு சேர்ந்து நானும் வேக வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஊர் அந்த மரத்தை நோட்டீஸ் பலகை என்று நினைத்துக்கொண்டிருந்தது.

டியூஷன் வகுப்பு, வாடகைக்கு அறை, காணாமல்போன நாய், எல்லாவற்றுக்கும் ஆணி. பசை போட்டு ஒட்டினால் ஆகாதா என்று கேட்டால், "மழைக்கு நிக்காதே அக்கா" என்பார்கள். இந்த ஊர் மழைக்கு எதுதான் நிற்கிறது, நாய் மட்டும் நிற்கவா போகிறது?

என் வீட்டுக்காரர் தோட்டத்தில் இறப்பர் பால் வெட்டியவர். முழங்கால் போன பிறகு என்னோடு வண்டிக்கு வந்துவிட்டார். பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கத்தி ஒரு நூல் ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார். பாதி நாள் சம்பளம் போச்சு. தோட்டத்தை விட்டு வந்தும் அந்தப் பயம் இவரை விடவில்லை. யாராவது சுத்தியலோடு வந்தால் தன் கையிலேயே அடிக்கப்போவது போல முகத்தைச் சுருக்குவார். "தோலுங்க அது, வலிக்குங்க" என்று கெஞ்சுவார். அவர்கள் சிரித்துக்கொண்டே அடிப்பார்கள். நான் என்றால் எண்ணெய்க் கரண்டியோடு எழுந்துவிடுவேன். அதனால் நான் தண்ணீர் பிடிக்கப் போகும் நேரமாகப் பார்த்து வந்தார்கள்.

ஒரு நாள் குடத்தோடு திரும்பி வந்தால், இவர் கோயிலுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளைப் பெயின்ட்டை வைத்துக்கொண்டு மரத்தின் நெஞ்சளவில் சுற்றிலும் வளையம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க கூத்து இது?"

"எங்க டிவிசன்ல காயம்பட்ட மரத்துக்கு இப்படித்தான் புள்ள போடுவோம். வெள்ள வளையம் இருந்தா ஒருத்தனும் கத்தி வைக்க மாட்டான். மரத்துக்கு லீவு."

"இது டவுனுங்க. இங்க மனுசனுக்கே லீவு இல்ல."

ஆனால் பலித்தது. அடுத்த நாளிலிருந்து ஆணி நின்றது. டியூஷன் மாஸ்டர் சுத்தியலோடு வந்தார், வளையத்தைப் பார்த்தார், 'த்சொ' என்றார், விளக்குக் கம்பத்துக்குப் போய்விட்டார். இவருக்கு நடையே மாறிவிட்டது. நானும் வெட்கமில்லாமல் வடை வாங்க வந்தவர்களிடமெல்லாம் எங்க ஆளோட மூளையைப் பார்த்தீங்களா என்று பீற்றிக்கொண்டேன்.

பிறகு லொறி வந்தது. பாதையை அகலமாக்குகிறார்களாம். பாதையில் எங்களுக்கு மேற்பக்கம் நின்ற இரண்டு மரங்களைச் சாய்த்துவிட்டு, மெஷின் வாளோடு நேராக எங்கள் மரத்தடிக்கு வந்தார்கள். வண்டியைத் தள்ளச் சொன்னார் மேற்பார்வைக்காரர்.

"இத ஏன் வெட்டுறீங்க?" என்று சிங்களத்தில் கத்தினேன்.

"வளையம் போட்டிருக்கே" என்றார் அவர். வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் வளையமாம். பாதை நெடுக அப்படித்தானாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர்க்காரர்கள் மரத்துக்கு இரக்கப்பட்டு விலகவில்லை; நாளைக்குச் சாயப்போகிற மரத்தில் எவன் நோட்டீஸ் அடிப்பான்?

இவரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. வாளை முடுக்கினார்கள். அந்தச் சத்தத்தில் இவர் விந்தி விந்திப் போய், வளையத்தின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். பாவி மனுசா, மரத்தைக் காப்பாற்றப் போய் நீ போய்ச் சேராதே என்று மனசுக்குள் அலறினேன்.

"வளையம் போட்டது நான்தாங்க ஐயா."

மேற்பார்வைக்காரர் கையைக் காட்ட, வாள் நின்றது. "நீ எதுக்குப் போட்டாய்? உன் மரமா?"

தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் இவர். இருந்த ஒற்றை அறைக் காம்பராவும் தோட்டத்துடையது, குழாயும் தோட்டத்துடையது, ஆயுசு முழுக்கப் பால் வெட்டிய மரங்களும் தோட்டத்துடையவை. இன்றைக்கு நாங்கள் இருக்கும் அறைகூட வாடகைதான். 'என்னுடையது' என்று இவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஓவ். மகே" என்றார். ஆமாம், என்னுடையது.

மேற்பார்வைக்காரர் இவரைப் பார்த்தார், வடைச் சட்டியைப் பார்த்தார், என் கையிலிருந்த கரண்டியையும் பார்த்தார். "அப்படியென்றால் சொந்த மரத்துக்கு எந்த மடையனாவது வளையம் போடுவானா? அழித்துவிடு. பின்னால் வருகிறவர்கள் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினார்.

நான் தேங்காய் வெட்டும் கத்தியால் சுரண்டப் போனேன். "சுத்திவரப் பட்டை போனா மரம் செத்துரும்!" என்று இவர் கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து என்னை அதட்டியது அன்றைக்குத்தான். கத்தியைக் கீழே வைத்தேன். செம்மண்ணைக் குழைத்து வளையத்தின் மேல் பூசினோம். மழை கழுவக் கழுவ மறுபடி பூசினோம், வேலைக்காரர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போகும் வரைக்கும்.

போன வாரம் காற்றில் ஒரு கிளை முறிந்து, ஒரு த்ரீவீலின் கூரை கிழிந்துவிட்டது. அதை ஓட்டுகிற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், நேராக எங்கள் வண்டிக்கு வந்து சத்தம் போட்டார். "ஒங்கட மரம் தானே! கெளய நேரத்துக்கு வெட்டி உட ஏலாதா?"

பதிலுக்கு என் வாயில் நல்ல பேச்சாகத் திரண்டு வந்தது. அதற்குள் இவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஆமாங்க நானா, எங்க மரந்தாங்க" என்றார். நானா திட்டத் திட்ட, முகமெல்லாம் பல்லாக, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.