லொரேதாவின் விசில்

இத்தாலியில், பிரெஷியா நகருக்கு வெளியே இருந்த பல்சக்கர ஆலையில் லொரேதா விசில் ஊதினால் வேலை நின்றுவிடும். நோட்டீஸ் கிடையாது, அனுமதி கிடையாது. லேத்துகள் அடங்கும், மேலாளர் முகம் சுண்டிப்போகும். தொழிலாளர் பிரதிநிதியாக அவளையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான்.

ஜெர்மன்காரர்கள் ஆலையை வாங்கிய பிறகு ரைனர் வந்துபோக ஆரம்பித்தார். ஜெர்மனியில் இருந்த தலைமை ஆலையின் தொழிலாளர் பிரதிநிதி அவர். கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் முதலாளிகளோடு சரிசமமாக நாற்காலி போட்டு உட்காருகிறவர். கடற்கரை விடுமுறைகளில் பொறுக்கிய இத்தாலிய மொழியில் எல்லாருக்கும் பாடம் நடத்துவார்.

அந்த ஜூலையில், ஆலையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. லொரேதா விசிலை எடுத்தாள். ரைனர் தடுத்தார்.

“பேச்சுவார்த்தை நடக்கும்போது வேலைநிறுத்தமா? எங்க ஊர்ல அது சட்டவிரோதம்மா. நீங்க தெருவுல நின்னு கத்துறீங்க, நாங்க உள்ள உக்காந்து தடுக்கிறோம். செப்டம்பர் வரைக்கும் பொறு.”

“உள்ள உக்காந்து என்னத்தக் கிழிச்சீங்க?” என்று சீறினாள். ஆனாலும் அந்த நாற்காலி அவள் கண்ணை மறைத்தது. மேலாளர் அறையில் இத்தனை வருடமும் நின்றுகொண்டே சண்டை போட்டவள் அவள். விசில் பைக்குள் போனது.

லேத் ஓட்டும் துல்லியோ மூஞ்சிக்கு நேரே கேட்டான். “ஜெர்மன்காரன் சொன்னா உனக்கு வேதமாக்கா? ஆகஸ்ட் லீவுல ஆலைய இழுத்துப் பூட்டிட்டு எல்லாரும் கடற்கரைக்குப் போயிருவோம். அப்ப யாருக்கு ஊதுவ?”

“வாய மூடுடா.”

வழக்கம்போல ஆகஸ்டில் ஆலையைப் பூட்டினார்கள். விடுமுறை முடிந்து வந்தவர்கள் கதவைத் திறந்தால், உள்ளே வெறும் தரை. பெயர்த்தெடுத்த போல்ட்டுகளின் குழிகள் மட்டும் மிச்சம். இயந்திரங்கள் லாரி ஏறி ரைனரின் ஊருக்கே போய்விட்டன.

லொரேதா அங்கிருந்தே அவரைப் போனில் பிடித்தாள். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“குழுவுல கேட்ட ரகசியத்த வெளிய சொல்லக் கூடாதும்மா. சட்டம் அப்படி. எங்க ஆளுங்களுக்கும் வேலை வேணும்ல?”

“த்தூ! முதலாளியக்கூடப் பொறுத்துக்கலாம்டா, உன்ன முடியாது.” போனை வைத்தாள். அவள் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

யாரும் அவளைப் பார்க்கவில்லை, துல்லியோவைத் தவிர. “ஊதேன்க்கா,” என்றான். “இப்ப ஊது.”

அவள் ஊதினாள், மூச்சு தீரும்வரை. நிறுத்துவதற்கு அங்கே எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை.