ஆடாமல் பாடு

என் தங்கைக்கு ஆடாமல் பாட வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே நான் செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆடுவது என்றால் கூத்தாடுவது இல்லை. இடுப்புக்கு மேலே உடம்பு முன்னும் பின்னும் போய்வரும். ராகம் மேலே ஏறும்போது வலது தோள் சற்றுத் தூக்கிக்கொள்ளும். நீட்டி நிறுத்தவேண்டிய இடத்தில் முகவாய் ஒரு பக்கமாகச் சாயும், கண் தானாக மூடிக்கொள்ளும். சாத்தூரில் அவள் வேலைபார்த்த தீப்பெட்டிக் கம்பெனியில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாருமே இப்படித்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள். தீக்குச்சிகளை அள்ளிச் சட்டத்தில் அடுக்குகிற வேலை அது. அள்ளக் குனிவதும் அடுக்கிவிட்டு நிமிர்வதுமாகப் பொழுது போகும். பாட்டையும் அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள். பாட்டு வந்தால் உடம்பும் கூட வந்துவிடும்.

பன்னிரண்டு வயதில் அவள் கம்பெனிக்குப் போனதற்குக் காரணம் நான். அப்பா போனபிறகு இரண்டு பேரையும் படிக்கவைக்க அம்மாவால் முடியவில்லை. மூத்தவள் டீச்சர் டிரெயினிங் முடிக்கட்டும் என்று முடிவாயிற்று. தங்கையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேதக்கோயில் பாடகர் குழுவையும் நான்தான் பழக்கினேன். அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் குருவானவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தெற்கே ஒரு பெண்கள் போர்டிங் பள்ளியின் பாட்டு டீச்சரம்மா பண்டிகைக்கு வருகிறார், தம்முடைய பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணைத் தேடுகிறார் என்றார்.

“உங்க தங்கச்சியத் தனியாப் பாடச் சொல்லுங்க டீச்சர். அந்தம்மாவுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவாக. அங்கன தங்கி, விட்ட படிப்பையும் படிச்சுக்கிடலாம்.”

வீட்டுக்கு வரும்வரை கால் தரையில் பாவவில்லை. அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கம்பெனியிலிருந்து திரும்பிய அவளிடம் சொன்னபோது, விரலில் ஒட்டியிருந்த தூசியைக் கூடத் துடைக்காமல் அப்படியே நின்றாள். “நெசமாவாக்கா?” என்று மூன்று தடவை கேட்டாள்.

அதன்பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் ஊர் அம்மனுக்குக் கொடைத் திருவிழா நடந்தால் எங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் முதலில் சாமி வருமாம். ஊர் அதை மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை பாடகர் குழுவில் நின்று ஆடியபோது, முன்வரிசை அம்மாள் ஒருத்தி என் காதில் விழும்படியே பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “ஞானஸ்நானம் மேலுக்குத்தான? உள்ள இருக்கது ஆடாமப் போகுமா?” கோயிலில் நாங்கள் விளக்குக் கம்பம்போல் நின்று பாடியதெல்லாம் பக்தியால் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நின்றால்தான் எங்களை மதித்தார்கள்.

அதனால் அவளை ஆடாமல் பாடப் பழக்கினேன். தலையில் பித்தளை டம்ளரை வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, பாடு என்பேன். முதல் வாரம் முழுக்கத் தோளும் பாவாடையும் நனைந்தன. இரண்டாம் வாரம் தண்ணீர் நின்றது, பாட்டு திக்கியது.

“அக்கா, மூச்சு எங்கன எடுக்கணும்னே தெரிய மாட்டேங்குது.”

“எடுக்கவேண்டிய எடத்துல எடுட்டி” என்றேன். எப்பேர்ப்பட்ட டீச்சர் பாருங்கள்.

பண்டிகை வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து வண்டிகட்டி வந்தவர்கள் கம்பையும் பருத்தியையும் பீடத்துக்கு முன்னால் குவித்திருந்தார்கள். தங்கை என் சேலைகளில் நல்லதை உடுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி எழுந்து நின்றாள். பாடினாள். தலையில் டம்ளர் இருந்திருந்தால் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது. சுருதி பிசகவில்லை, வார்த்தை தப்பவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் இருந்தது. மூன்றாம் சரணத்தில் ராகம் ஏறுகிற இடத்தில் அவள் வலது தோள் லேசாக எழும்பியது. நான் ஓரத்திலிருந்து முறைத்தேன். தோள் இறங்கியது, குரலும் பாதியில் இறங்கிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் போய் உட்காரும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆராதனை முடிகிற நேரத்தில் குருவானவர் கேட்டுக்கொண்டதால் அந்த டீச்சரம்மா ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து பாடினார். முதல் வரியிலேயே அவர் உடம்பு ஆடத் தொடங்கிவிட்டது. தலை சாய்ந்தது, தோள் எழும்பியது, செருப்பைக் கழற்றிவிட்ட கால் தரையில் தாளம் தட்டியது. ஏறுகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பியே விட்டார். நான் முன்வரிசையைப் பார்த்தேன். என் தங்கையைப் பேசிய அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் வந்த கோபம் எனக்கு இன்றும் போகவில்லை. என்மேல் வந்தது அதைவிடப் பெரியது.

கூட்டம் கலைந்தபின் வாசற்படியில் டீச்சரம்மா என்னிடம் சொன்னார்: “உங்க தங்கைக்குச் சுருதி சுத்தமா இருக்கு. ஆனா பாட்டு அவ உடம்புக்குள்ள போகவே இல்லையேம்மா. இப்படி மரக்கட்டையா நிக்கிற பொண்ணு சின்னப் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக்குடுக்கும்?”

ஒரு வார்த்தை போதும். நான்தான் அவளைப் பிடித்து நிறுத்தினேன், அவள் இஷ்டத்துக்கு இன்னொரு தடவை பாடச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் நிறுத்தினேன் என்று கேட்பார். கொடையையும் சாமியையும் அந்தப் படியில் நின்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “சரிங்கம்மா” என்றேன்.

தங்கை உள்ளே பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாக என்று கேட்டாள். வேறே பெண் பார்த்துவிட்டார்களாம் என்று பொய் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டாள். பாடகர் குழுவுக்கு அப்புறம் வரவில்லை.

சில வருஷம் கழித்து அம்மாவுக்கு மேலுக்குச் சுகமில்லை என்று சொல்ல அவள் கம்பெனிக்குப் போனேன். பெண்கள் ஒரு பாட்டை இழுத்து இழுத்துப் பாடியபடி வரிசை வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு முதுகு மட்டும் ஆடவில்லை. கைகள் மட்டும் குச்சியை அடுக்கிக்கொண்டிருந்தன, வாய் மூடியிருந்தது. முகத்தைப் பார்க்காமலே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சேதியை வாசலில் இருந்தவரிடம் சொல்லியனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏட்டி, ஒரே ஒரு பாட்டுப் பாடு. எம்புட்டு வேணாலும் ஆடிக்கிட்டுப் பாடு. யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

“அன்னைக்கு அந்தம்மா சொன்னதெல்லாம் உள்ள எனக்குக் கேட்டுச்சுக்கா. நீ எனக்காக ஒரு வார்த்த பேசுவேன்னு, பாயக் கையில வச்சுக்கிட்டு ஆடாம அசையாம நின்னேன்.”