ஓலைப்பெட்டியில் இருந்த மாத்திரை

இந்த ஊரில் குடிக்கிற தண்ணீர் சிவப்பாக இருக்கும். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான். அதில் பதிமுகம் என்கிற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். கல்யாணமாகி ராதாபுரம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி, மலையாளம் பேசுகிற பாறசாலைக்கு வந்த முதல் நாள், பக்கத்து வீட்டு அம்மா ஒரு தம்ளர் நிறைய அதை நீட்டினாள். புண்ணைக் கழுவின தண்ணீர் போல இருந்தது. வேண்டாம் என்று சொல்லக் கூச்சம், குடிக்கப் பயம். தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள் வேறு பக்கம் திரும்பினபோது வாழை மூட்டில் ஊற்றிவிட்டேன். நாற்பத்து நாலு வருடம் ஆகிறது. இப்போது நானும் சிவப்புத் தண்ணீர்தான் கொதிக்க வைக்கிறேன். ஆனால் கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்லாத அந்தக் குணம் மாறவில்லை. அதனால் என் வீட்டில் நடந்ததை, நம் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர்களும், ஊரில் இருந்துகொண்டு நோயாளிப் பிள்ளையைப் பார்க்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராது, எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். எல்லையில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு முகவரி, இந்தப் பக்கம் ஒரு முகவரி. இரண்டு பக்கமும் காட்ட இரண்டு ரேஷன் கார்டு. ஒன்றைக் காட்டும்போது மற்றது பையின் அடியில் இருக்க வேண்டும். தெரிந்தால் இரண்டும் போய்விடும் என்ற பயம். "அங்கத்த காரியத்த இங்க மிண்டாத, இங்கத்தத அங்க மிண்டாத" என்று வந்த புதிதிலேயே எனக்குச் சொல்லித் தந்தார். பேசாமல் இருக்கச் சொன்னால் எனக்கு என்ன கஷ்டம்? அவர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. அவர் சொன்னதை மட்டும் நான் விடவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. இங்கே பிறந்து மலையாளத்தில் படித்தவள். தையல்காரி. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் எங்கள் வீட்டில் நடக்க இடம் இருக்காது, எங்கே பார்த்தாலும் யூனிபாரம் துணி. இருபத்து மூன்று வயதில் அவளுக்கு மனநோய் வந்தது. சில வாரம் தூக்கமே இல்லாமல் பேச்சும் பாட்டுமாக ஓடுவாள், பிறகு சில வாரம் பாயை விட்டு எழும்பமாட்டாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டில் நோயாளியுடன் வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும், பைஸ்டாண்டர் என்பார்கள். உள்ளே விடும்போது அவளுடைய வளையல், ஷால், தலையில் குத்தின பின் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். என் சேலையில் இருந்த ஊக்கைக்கூட விடவில்லை. யாரும் தங்களுக்கோ பிறருக்கோ கேடு செய்துவிடக்கூடாது என்று அவ்வளவு கவனம். ஊரில் எங்கள் தெருவில் ஒருவரைப் பனையில் கட்டிப் போட்டிருந்ததை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு நர்ஸ் அவள் தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். இது நல்ல நாடு என்று அன்று நினைத்தேன்.

லித்தியம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அது உப்பு மாதிரி ஒரு பொருள், உடம்பில் கூடினால் விஷம், குறைந்தால் பலனில்லை, இரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார்கள். மாதாமாதம் இங்கே பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே மருந்து கிடைத்தது. பதினைந்து வருடம் அவள் தைத்தாள், சிரித்தாள். கடைக்காரரிடம் நான் பேச்சில்லாமல் விரலால் காட்டிச் சாமான் வாங்குவதைப் பார்த்துச் சொல்லுவாள்: "எனக்க அம்மை வாய வாடகைக்கு விட்டிருக்காளாக்கும். வாடகைக்காரன் காலி பண்ணமாட்டேங்கான்." மாத்திரையை நான்தான் பிய்த்துக் கொடுப்பேன். என்ன என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கையை நீட்டுவாள், விழுங்குவாள்.

போன வருடம் மறுபடியும் அவளுக்குத் தூக்கம் குறைந்தது, பேச்சு கூடியது. இங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த மாதம் ஒரு புது டாக்டர். அவர் மலையாளத்தில் வேகமாகக் கேட்கிறார், எனக்குப் புரிகிறது, பதில் தொண்டைக்கு வருவதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். மார்த்தாண்டத்தில் இருக்கிற என் தங்கை, "நம்ம பக்கம் கூட்டிட்டு வாக்கா. தமிழ்ல ரெண்டு வார்த்தை சொல்லலாம்லா" என்றாள். களியக்காவிளை தாண்டிப் போனோம். அந்த டாக்டர் நல்லவர். உட்காரச் சொன்னார், ஸ்டெல்லாவிடம் நிதானமாகப் பேசினார். "இப்ப மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று என்னிடம் கேட்டார். பாறசாலை ஆஸ்பத்திரிச் சீட்டு பையின் அடியில் இருந்தது. "முன்னால சாப்பிட்டா, இப்ப இல்ல" என்றேன். கார்டுக்குச் சொல்லிப் பழகின பொய், மருந்துக்கும் அப்படியே வந்துவிட்டது. அவரும் மாத்திரை எழுதினார். இரண்டு வாரத்தில் வந்து இரத்தம் பார்க்கச் சொன்னார். நான் போகவில்லை.

இங்கத்த மாத்திரை பிஸ்கட் டப்பாவில். அங்கத்த மாத்திரை என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த ஓலைப்பெட்டியில். இரண்டையும் கொடுத்தேன். அட்டையை வெட்டி வெட்டித் தருவார்கள், பெயர் பாதிதான் இருக்கும், அதுவும் இங்கிலீஷ். நிறம் வேறு, அளவு வேறு. இரண்டு டாக்டர், இரண்டு மருந்து, சீக்கிரம் குணமாகும் என்றுதான் நினைத்தேன். இங்கே சபையிலும் ஜெபிக்கச் சொல்லி ஊரில் சபைக்கும் சொல்லி அனுப்புகிறோமே, அப்படி.

பத்து நாளில் அவள் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, நடந்தால் சுவரைப் பிடித்தாள். பேச்சு குழறியது. பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காகிதத்தில் மனநோய் என்று இருந்ததைப் பார்த்த டாக்டர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இது ஆ சூக்கேடு தன்னே. திங்களாழ்ச்ச ஓபியில் காணிக்கு" என்றார். பழைய நோய்தான், திங்கட்கிழமை காட்டு என்று அர்த்தம். வாந்திக்கு ஓர் ஊசி. இரத்தம் எடுக்கவில்லை. ஊசி போட்ட நர்ஸ் மட்டும், எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அம்மே, வேறே மருந்து எந்தெங்கிலும் கொடுக்குந்நுண்டோ?" என்று கேட்டாள், வேறு மருந்து எதுவும் கொடுக்கிறாயா என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அது வெள்ளிக்கிழமை. அன்று மாலையும், சனி, ஞாயிறும் இரண்டு பெட்டியிலிருந்தும் கொடுத்தேன். விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்ததைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். திங்களன்று அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே தமிழ் பேசுகிற பொழியூர்க்காரி ஒரு நர்ஸ் இருந்தாள். சின்னப் பெண். நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவளும் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மச்சி, ஒண்ணு மட்டும் கேக்கட்டா? வீட்டுல மாத்திரை எல்லாம் எதுல போட்டு வச்சிருக்கிய?"

"பிஸ்கட் டப்பால."

"அது மட்டுந்தானா?"

"ஓலைப்பெட்டியிலயும் உண்டு."

அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லது, சொன்னியளே. அத எடுத்துட்டு வர யாராவது உண்டா?" என்றாள். எங்கள் பகுதி ஆஷா பணியாளர் சுஜா, வீடு வீடாக வந்து உடம்பு விசாரிக்கிறவள், பூட்டைத் திறந்து இரண்டையும் கொண்டுவந்தாள். டாக்டர் அட்டைத் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒந்நாணு அம்மே" என்றார். ஒரே மருந்து. என் மகளுக்கு நான் ஒரு மாதமாக இரட்டிப்பாக ஊட்டியிருக்கிறேன். சேலையில் இருந்த ஊக்கைக் கண்டுபிடித்து வாங்கின ஆஸ்பத்திரிகள், என் கையில் இருந்ததைக் கேட்கத் தெரியாமல் போயின. ஒருத்தி தரையில் உட்கார்ந்து கேட்டபோது நேரம் போய்விட்டது.

மெஷினில் போட்டு இரத்தத்தைக் கழுவினார்கள். உயிர் மிஞ்சியது. நடுக்கம் போகவில்லை. மூளையில் நடைக்கும் கைக்கும் உள்ள இடம் கெட்டுப்போயிற்று, இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத் துணிகளைச் சுஜா வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். தையல் மெஷின் மேல் இப்போது துணி காய்கிறது. எனக்கு எழுபது ஆகப் போகிறது. கள்ளிக்காட்டுப் பக்கம் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற ஓர் இடம் உண்டாம். "எடம் ஒழிவில்ல அம்மச்சி, பேரு எழுதி வச்சிருக்கேன்" என்கிறாள் சுஜா. ஸ்டெல்லா பேருக்கு முன்னால் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

உங்களிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். பேசத் தெரியாவிட்டால் கொட்டினால் போதும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் இதைப் படித்தால், மனநோய்க்காரி வாந்தி எடுத்தால் அதுவும் வாந்திதான், இரத்தம் பாருங்கள். அவளுடைய அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நான் இல்லை என்று தலையாட்டினதை ஸ்டெல்லாவுக்கு யாரும் சொல்லவில்லை. நானே சொன்னேன். என் வாழ்நாளில் நானாக வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான். அவள் தையல் மெஷினைப் பார்த்தாள். "அண்ணைக்குத்தான் வாடகைக்காரன வெரட்டியிருக்கணும் அம்மா" என்றாள். சிரிக்கவில்லை.

இப்போது வேறு மாத்திரை. டாக்டர்கள் மாற்றிக் கொடுத்தது. அவளால் அட்டையைப் பிய்க்க முடியாது, விரல் நிற்காது. என் விரல்தான் வேண்டும். ஆனால் அவள் முன்போல் கையை நீட்டுவதில்லை. இன்று காலையிலும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, சிவப்புத் தண்ணீரைத் தம்ளரில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன்.

"இது எந்த ஊரு மருந்து?"

"இந்த ஊருதான் மக்கா."

"நீ எந்த ஊரு?"

ராதாபுரம் என்று சொல்ல அங்கே எனக்கு வீடு இல்லை. பாறசாலை என்று சொல்ல நாக்கு வரவில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை.