தாங்கும் சாமியின் பூசாரி

சனிக்கிழமை மத்தியானம் மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் மகளின் நண்பர்கள் வருவார்கள். அவளோடு படித்த இரண்டு பெண்கள், நான் தம்பி என்று கூப்பிடும் ஒரு பையன், பூசாரி வேஷம் போடும் இன்னொரு பையன். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பகடை, தாள், பென்சில் எல்லாம் பரப்பி, இல்லாத ஒரு நாட்டில் விளையாடுவார்கள். ஆளுக்கொரு வேஷம். ஒருத்தி வில்லாளி, ஒருத்தி திருடி, என் மகள் மந்திரக்காரி. கதையை நடத்துகிறவன் அந்தத் தம்பி. அரசன், அரக்கன், சத்திரக்காரன் என்று எதிரே வருகிற எல்லாருக்கும் அவனே பேசுவான். செய்யப்போவதைச் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் கெடும்.

அந்தத் தம்பியைத்தான் என் மகள் கட்டிக்கொள்ள விரும்பினாள். எனக்கும் பிடித்த பையன். செருப்பை ஒழுங்காக விட்டு வருவான், என் மனைவி போடுவதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான். ஆனால் ஒரு வருஷமாக அவன் தலை தெரிந்ததும் நான் வாளியை எடுத்துக்கொண்டு காரை, எங்கள் ஊர்ப் பேச்சில் காடியை, கழுவப் போய்விடுவேன். வெறுப்பெல்லாம் இல்லை. என்ன பேசுவதென்று தெரியாது, அவ்வளவுதான். தொழிற்சாலையில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறேன். அந்தச் சத்தத்தில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "உங்கப்பா என்கிட்ட ஒரு வார்த்தையாவது நல்லா பேசட்டும். அப்புறம் எங்க வீட்டு ஆளுங்கள கூட்டிட்டு வந்து பொண்ணு கேக்கறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டான். அவள் வந்து என்னிடம் சொன்னாள். நான் சரி சரி என்று தலையாட்டினேன். அடுத்த சனிக்கிழமையும் காடி பளபளவென்று ஆனது.

அந்தச் சமயத்தில்தான் ஆட்டத்தில் பூசாரியாக இருந்த இன்னொரு பையன் ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

"பா, எங்க பூசாரி போயிட்டாரு. காயம் பட்டா ஆத்தறதுக்கு ஆளில்ல. நீங்க வந்து உக்காருங்க லா" என்றாள் மகள்.

"எனக்கென்னம்மா தெரியும் அதெல்லாம்?"

"அவரு கும்புடற சாமியோட பூசாரிங்க அதிகம் பேச மாட்டாங்க பா. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

அந்தச் சாமிக்கு அவர்கள் வைத்திருந்த நீளமான பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் தாங்கும் சாமி என்று வைத்துக்கொண்டேன். அது வரம் கொடுக்காது, சண்டை போடாது. அடுத்தவன் வலியைத் தன் மேல் வாங்கிக்கொண்டு நிற்கும். அதற்குக் கோயில் கிடையாது. யார் கஷ்டப்படுகிறார்களோ அவர்கள் பக்கத்தில்தான் பூசாரி உட்கார வேண்டும். தோளில் ஒரு கல், அடிபட்டவன் எழுந்திருக்கும் வரை அதை இறக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த காவல் சாமிகள் எல்லாம் அரிவாளோ சூலமோ வைத்திருக்கும். வெறும் தோளோடு நிற்கிற சாமியை அப்போதுதான் கேள்விப்பட்டேன். அந்த வாரம் முழுவதும் போர்க்லிப்டில் சாமான் தூக்கும்போதெல்லாம் அதன் நினைப்புதான்.

சனிக்கிழமை காலையில் மனைவி பசாரில் ஆட்டுக்கறி வாங்கி வந்து பிரட்டல் வைத்தாள். வாசம் தெருவரை போனது.

"எனக்கு வேணாம். இன்னிக்கி சைவம்" என்றேன்.

"சனிக்கிழமை என்னைக்குப் பாத்தீங்க நீங்க?"

"இன்னிக்கி நான் பூசாரியாச்சே."

அவள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "வெளயாட்டுக்கு வெரதமா? ஐயோ கடவுளே!"

"பிள்ளைங்ககிட்ட சொல்லிடாத. சிரிப்பாங்க."

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் பூசை நாளில் பூசாரி கறி தொட மாட்டார். பூசாரி என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். விளையாட்டு என்பதற்காகக் கறியைத் தின்றுவிட்டுச் சாமி பெயரைச் சொல்ல மனசு வரவில்லை. குளித்துவிட்டு, தயிர் சாதத்தைச் சமையலறையிலேயே நின்றுகொண்டு முடித்தேன்.

அவர்கள் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் நானும் போய் உட்கார்ந்தேன், வெறும் கையோடு. "அங்கிள் சாப்பிடலயா?" என்றான் தம்பி. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவன் முகம் மாறிவிட்டது. பெண் கேட்டுப் போன இடத்தில் சம்மதம் இல்லையென்றால் இரு வீட்டாரும் சேர்ந்து சாப்பிட்டுக் கை நனைக்க மாட்டார்கள். அந்த வழக்கம் எனக்கும் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவன் தட்டில் பாதிக்கறி அப்படியே இருந்தது. மகள் என்னை முறைத்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. அன்றைக்கு அவன் நடத்திய கதையில் ஈரமே இல்லை. பாலம் உடைந்தது, ஓநாய் வந்தது, வில்லாளிக்குக் கால் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கல்லைச் சுமந்து ஆற்றினேன், தலையை ஆட்டியே. கடைசியில் ஒரு கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். அரசன் எங்களுக்கு விருந்து வைத்தான். அரசனாகப் பேசிய தம்பி நேராக என்னைப் பார்த்தான்.

"எல்லாரும் சாப்புடுறாங்க. உங்க பூசாரி மட்டும் என்கூட கை நனைக்க மாட்டேங்கறார். என்ன கொற கண்டார் என்கிட்ட?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காது சுட்டது. அங்கிளாக இருந்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். பூசாரி எழுந்து போக முடியாது, பக்கத்தில் ஒருவன் வலியோடு உட்கார்ந்திருந்தான்.

"கொறையெல்லாம் இல்ல, ராஜா" என்றேன். "சாமி வேலையில இருக்கேன், கறி ஆகாது. அதான் தயிர் சாதம் சாப்ட்டு வந்தேன். ஒங்க மேல எனக்கு ரொம்பப் பிரியம். ஒரு வருஷமா சொல்லணும்னு பாக்கறேன், வாய் வரல."

வில்லாளிப் பெண்தான் முதலில் சிரித்தாள். "அங்கிள், நெஜமாவே வெரதமா? கேமுக்கா?"

"கேமா இருந்தா என்னம்மா, சாமி சாமிதான?"

சமையலறையிலிருந்து மனைவி, "நான் அப்பவே சொன்னேன், கேட்டாரா?" என்றாள். மகள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். தம்பி மட்டும் சிரிக்காமல் தாள்களை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

"அங்கிள், அடுத்த ஞாயித்துக்கிழம அம்மா அப்பாவ கூட்டிட்டு வரலாமா?"

"வாங்க தம்பி. நானே சமைக்கச் சொல்றேன்."

"அப்ப ராஜா கோட்டையோட சாவியையே குடுத்துட்டாரு" என்றான் அவன்.

திருடிப் பெண் மேசையைத் தட்டினாள். "எய், ஆகாது லா! மாமனாருன்னா பகடை உருட்டாம சாவியா? அநியாயம்!"

நியாயம்தான். வாங்கி உருட்டினேன். ஒன்று விழுந்தது. சாவி எங்கள் கையில் வருவதற்குள் அரசனின் மந்திரி எங்களைப் பிடித்து நிலவறையில் போட்டுவிட்டான். அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான் கிடந்தோம். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் தம்பி எழுந்துபோய், பாதியில் விட்ட பிரட்டலை என் மனைவியிடம் சுட வைத்துத் தரச் சொல்லிச் சாப்பிட்டான், சோற்றை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு.