கேற்றடிக் காவல்

இது நடந்தது. கூட்டிச் சொல்ல இதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் டேனிஷ்காரரின் நாட்டில் இருக்கிற கிரின்ஸ்டெட்டுக்குப் போய் நிலானியைக் கேட்கலாம். பஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம்; அந்தப் பக்கம் பஸ் வருகிறது என்பதுதான் உண்மையான கட்டுக்கதை. காரில் போங்கள். கேற்றுக்கு வெளியில் நின்று கதையுங்கள். உள்ளே போகவேண்டாம்.

நிலானியின் புருசன் குகநேசன் மட்டக்களப்பு ஆள். தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள் நிறோஷினி. ஊருக்கு வெளியே, காற்றைத் தவிர வேறு ஆட்கள் இல்லாத வெளியில், ஒரு பழைய தோட்டவீட்டை வாங்கினார்கள். விற்றவர் பக்கத்துக் காணிக்காரர் கார்ஸ்டன். வாய் திறந்தால் பல்லுக்குக் குளிர்ந்துவிடும் என்று பயந்தவர்போல அளந்து கதைக்கிற கிழவர்.

கேற்றடியில் இடுப்பளவு கல் ஒன்று நின்றது. அதில் துவக்கு ஒன்று செதுக்கியிருந்தது.

"இது ஆர்?" என்று குகநேசன் டேனிஷில் கேட்டார்.

"எங்கள் குடும்பத்தின் முதல் ஆள்" என்றார் கார்ஸ்டன். "இந்த வெளியில் ஒரு மரமும் இல்லாத காலத்தில் தெற்கிலிருந்து வந்து குடியேறியவர். உருளைக்கிழங்கு போட்டார். பிரான்சில் ராசாவின் தலையை வெட்டின காலம், இங்கேயும் குடியானவர்களைச் சேர்த்து ஊர்ப்படை கட்டினார்கள். அவர் கையிலும் ஒரு துவக்கைக் கொடுத்து இந்த இடத்தில் நிறுத்தினார்கள்."

"காவலுக்கா?"

"காவலுக்கு."

அவ்வளவுதான். டேனிஷ்காரர் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார்கள். குகநேசனும் மேலே கேட்கவில்லை. அவருக்கு அது போதும். எல்லையில் ஒரு கல், கையில் ஆயுதம், வேலை காவல். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? காவல்காரனைப் பட்டினி போடக்கூடாது.

வெள்ளிக்கிழமை கல்லைக் கழுவி, சந்தனம் வைத்து, கற்பூரம் கொளுத்தினார். தட்டில் சோறும் வடையும் படைத்தார். நிலானி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, அது வேதக்கார மனுசன். வடை தின்னுமா?"

"வயிறு எல்லாச் சமயத்துக்கும் ஒண்டுதான்" என்றார் குகநேசன். பிறகு கல்லைப் பார்த்துக் கைகூப்பினார். "காவல்காரரே, என்ட புள்ள கவனம். வீட்டவிட்டு ஒரு தீங்குக்கும் போகவிடாதையும். வெள்ளிக்கு வெள்ளி வடை தருவன்."

அடுத்த நாள் காலை வடை இல்லை. நரி என்றாள் நிலானி. இருக்கலாம். ஆனால் நரி தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகுமா?

பிறகு பனி கொட்டியது.

வீட்டைச் சுற்றி அடித்தடங்கள். கனமான மரச் சப்பாத்தின் தடம். எங்கிருந்தும் வரவில்லை, எங்கும் போகவில்லை. வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்திருந்தது. நிறோஷினியின் ஜன்னலடியில் மட்டும் நெடுநேரம் நின்ற அடையாளம். பனி அங்கே உருகி மண் தெரிந்தது. இரண்டு பாதமும் வீட்டைப் பார்த்தபடி.

நல்ல காவல் என்று குகநேசன் சந்தோசப்பட்டார். அந்த வெள்ளிக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்தார்.

தை மாதக் கடைசியில் நிறோஷினிக்கு ஓல்போர்க் நகரத்தில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அறையும் பார்த்தாயிற்று. புறப்பட்ட அன்று பின்னேரம் ஐந்து மணி. இருட்டத் தொடங்கியிருந்தது. குகநேசன் காரைக் கேற்றடிக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் நின்றுவிட்டது.

"நீங்க எஞ்சினைப் பாருங்க, நான் இறங்கிக் கேற்றைத் திறக்கிறன்" என்றாள் நிறோஷினி.

திறந்தாள். வெளியே ஒரு அடி வைத்தாள்.

டொக்...

டொக்...

உறைந்த மண்ணில் மரம் மிதிக்கிற சத்தம்.

பிறகு தூரத்தில் கதவு சாத்தினதுபோல ஒரு "டுப்".

நிறோஷினி விழுந்தாள்.

காயம் இல்லை. இரத்தம் இல்லை. இரண்டு காலும் மட்டும் செத்துப்போயிருந்தன. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்துப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள், ஊசியால் குத்தினார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை இல்லாத பிள்ளையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

கேற்றைத் தாண்டி உள்ளே வந்ததும் அவள் எழுந்து நடந்தாள்.

நிலானி அழுதாள். நிறோஷினி அழவில்லை. திரும்பி வெளியே ஒரு அடி வைத்துப் பார்த்தாள். விழுந்தாள். தகப்பன் உள்ளே இழுத்தார். எழுந்தாள்.

"அப்பா, அந்தக் கல்லுக்கு என்ன சொன்னீங்க?"

குகநேசன் சொன்னார்.

"என்னைக் கேக்காம என்னைக் குடுத்தீங்களா? வடைக்கா?"

குகநேசன் கல்லடியில் இருந்த தட்டை எடுத்து உள்ளே வைத்தார்.

படைப்பதை நிறுத்திப் பார்த்தார். தடங்கள் நிற்கவில்லை. கல்லைக் கும்பிட்டார், கெஞ்சினார், டேனிஷிலும் சொல்லிப் பார்த்தார். மாசி முடிகிற ஒரு மத்தியானம், நல்ல வெளிச்சத்தில், மகள் ஜன்னலால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். வெளியே போய்க் கல்லின் முன்னால் நின்றார். எந்தத் தகப்பனும் சொல்லக்கூடியதைத்தான் சொன்னார்.

"போதும் ஐயா. நீங்க போங்க. இனி நான் பாத்துக்கொள்ளுறன்."

டொக். டொக். டொக்.

சத்தம் அவரைத் தாண்டிப் போனது. ரோட்டில் இறங்கியது. தேய்ந்தது. ஒரு ஆள் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போகிற நடை அது.

நிறோஷினி அன்றே ஓல்போர்க் போனாள். நிலானிதான் கார் ஓட்டினாள். கேற்றைத் தாண்டியபோது பிள்ளை காலைத் தட்டிப் பார்த்துச் சிரித்தது.

குகநேசன் உள்ளே நின்று கை காட்டினார். அடுத்த நாள் வேலைக்குப் புறப்பட்டபோதுதான் தெரிந்தது. கேற்றடிவரை கால் வந்தது. அதற்கு அப்பால் வரவில்லை.

நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க ஏலாது என்று தொழிற்சாலைக்குச் சொன்னார்கள். மகளுக்கும் அதையே சொன்னார்கள். ஒன்றுக்கு ஒன்று சரிதானே என்று குகநேசன் தேற்றிக்கொண்டார். புள்ள வெளியில், நான் உள்ளுக்கு. நிலானிதான் ஒருநாள் கேட்டாள், "ராவில எழும்பி எங்க போறீங்க?" என்று. அவர் எங்கேயும் போனதாக அவருக்கு நினைவில்லை.

ஈஸ்டருக்கு நிறோஷினி வந்தாள். நாலு நாள் நின்றாள். தாயின் கையால் புட்டும் மீன்குழம்பும் தின்றாள். திங்கள் பின்னேரம் திரும்ப வேண்டும். அவள் உடுப்பு அடுக்குகிற நேரம், கார்ஸ்டன் கேற்றுக்கு வெளியே வந்து நின்றார். அன்று கேட்காததைக் குகநேசன் இன்று கேட்டார்.

"உங்கட ஆளை எதிரி வராமல் தடுக்கத்தானே நிறுத்தினது?"

"எதிரி இங்கே எதற்கு வருகிறான், கிழங்கு தின்னவா?" என்றார் கார்ஸ்டன். "இந்த மண்ணில் ஒன்றும் விளையவில்லை. குடியேறிய சனம் ஓடத் தொடங்கியது. உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாமல் பார்ப்பதுதான் அவருடைய காவல்."



"ஆரும் ஓடினதா?"

"ஒருத்தி. அவருடைய சொந்த மகள்."

"பிறகு?"

கார்ஸ்டன் கல்லில் செதுக்கியிருந்த துவக்கைப் பார்த்தார். முதல்தடவையாக, கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

பின்னால் நிலானி காரை எடுக்கிற சத்தம். நிறோஷினி பையோடு முன்னால் நடந்து வந்தாள்.

"அப்பா, கேற்றைத் திறங்க."

திறக்கத்தான் நினைத்தார். கை தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்தது.

போ மகள். ஓடு. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தார்.

வந்தது டேனிஷ். அவருக்குத் தெரிந்த டேனிஷ் இல்லை. இந்த நாட்டில் இப்போது யாருமே பேசாத, கரகரத்த, கிழட்டு டேனிஷ். ஓடுகிறவளை நிறுத்த ஒரு காவல்காரன் போடுகிற ஒரே ஒரு சொல்.

நிறோஷினி சிரித்தாள். "என்ன அப்பா, விளங்கல்லயே?"

கார்ஸ்டன் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி, மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.